காசுதான் 'கேஷ்' ஆனதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம்)

வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த வாரம் பள்ளி இலக்கிய மன்றத்தில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். தலைப்பு 'ஆங்கிலத்தில் வாழும் தமிழ்ச் சொற்கள்'. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது, சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத் தண்ணீர் 'முல்லிகடானி' ஆனது எல்லாம் எழுதிவிட்டாள். எல்லாவற்றுக்கும் முதலில் 'நம் காசுதான் கேஷ் ஆனது' என்று எழுதியிருக்கிறாள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி.

என்னோடு வேலை பார்க்கும் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர், அது பிரெஞ்சுச் சொல், தமிழுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்கிறார். இரண்டு பக்கமும் அடித்துச் சொல்கிறார்கள். பிள்ளை மேடையேறிச் சொல்லப்போவது, தப்பாகிவிடக் கூடாது. உண்மையிலேயே நம் சொல்லாக இருந்தால் விட்டுவிடவும் மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

தமிழ்க்குடி (நெல்லிக்குப்பம்)

இதில் சந்தேகம் எதற்கு? காசு, கேஷ். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காதே சொல்லிவிடும். வெள்ளைக்காரன் வியாபாரத்துக்கு வந்தான். நம்மிடம் காசையும் வாங்கினான், சொல்லையும் வாங்கிக்கொண்டு போனான். உங்கள் ஊர் தேவனாம்பட்டினத்திலேயே கோட்டையில் உட்கார்ந்து கணக்கு எழுதினார்கள். கேஷியர் என்பதும் நம் காசாளர்தான். பிள்ளை எழுதியது சரி, மாற்றாதீர்கள். நம் மொழி கொடுத்ததை நாமே சொல்லத் தயங்கினால் வேறு யார் சொல்வார்கள்?

பிரெஞ்சு வகுப்பு (முத்தியால்பேட்டை)

இருபத்திரண்டு வருடமாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் வகுப்பில் வரும். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிரெஞ்சில் 'கெஸ்' என்றால் பெட்டி. பணம் வைக்கும் பெட்டிக்கும் அதே பெயர். இத்தாலியில் அது 'காஸ்ஸா'. இரண்டும் லத்தீனின் 'காப்ஸா' என்ற சொல்லில் பிறந்தவை. அதற்கும் பெட்டி என்றே பொருள். 1500களின் கடைசியில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் போனபோது, தொடக்கத்தில் பெட்டியைத்தான் 'கேஷ்' என்றார்கள். கூடவே பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கும் அந்தப் பெயர் ஏறியது. இரண்டு பொருளும் சில காலம் ஒன்றாக ஓடின. 18-ஆம் நூற்றாண்டுக்குள் பெட்டி என்ற பொருள் உதிர்ந்து பணம் மட்டும் நின்றது. இன்று ஒரு ஆங்கிலேயரிடம் 'கேஷ்' என்றால் பெட்டி என்று சொன்னால் விழிப்பார்.

கேஷியரும் அப்படித்தான். பெட்டியைப் பார்த்துக்கொள்பவர் பிரெஞ்சில் 'கெஸ்யே'. அதுவும் அதன் டச்சு வடிவமும்தான் ஆங்கிலத்துக்குப் போயின.

அந்த லத்தீன் பெட்டிக்குப் பிள்ளைகள் நிறைய. நாம் பாட்டு கேட்ட கேசட், சின்னப் பெட்டி. மருந்துக்கடை கேப்சூல், இன்னும் சின்னப் பெட்டி. லாரியின் சேசிஸ் கூட அந்தக் குடும்பம்தான். மூக்குக் கண்ணாடி வைக்கும் 'கேஸ்' அதே சொல். ஆனால் கோர்ட்டில் நடக்கிற 'கேஸ்' வேறு, அது 'விழுதல்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, பிறப்பு வேறு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 'கேஷ்' விஷயத்திலும் தேவைப்படும்.

வில்லியனூர் பிள்ளை (இப்போது பாரீஸ் பக்கம்)

மேடம் சொல்வதை இங்கே தினமும் பார்க்கிறேன். சூப்பர் மார்க்கெட்டில் பணம் கட்டும் இடத்துக்கு இன்றும் 'கெஸ்' என்றுதான் பெயர். ஜெர்மனியில் 'கஸ்ஸே'. அம்மா ஒரு முறை வந்திருந்தபோது இத்தாலிக்குக் கூட்டிப்போனோம். கடையில் 'காஸ்ஸா' என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். "காசு கட்டுற எடத்துக்கு நம்ம பேரையே வெச்சிருக்காங்க பாரு" என்று அவ்வளவு சந்தோஷப்பட்டார். அன்றைக்கு மறுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமிழ்க்குடி (நெல்லிக்குப்பம்)

உங்கள் அம்மாவுக்கு உடனே பட்டது தப்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அந்த 'காப்ஸா' எங்கிருந்து வந்தது? தமிழில் 'காப்பு' என்ற சொல் இருக்கிறது. பெட்டி பொருளைக் காக்கிறது. காப்பிலிருந்து காப்ஸா வந்திருக்கக் கூடாதா? ரோமாபுரியோடு நமக்கு வாணிபம் இருந்ததற்கு அரிக்கமேடு சாட்சி. ஐரோப்பியர் எழுதிய அகராதியில் இல்லை என்பதற்காக நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

உப்பனாறு (கடலூர் முதுநகர்)

முப்பத்தொரு வருடம் வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். அதனால் இந்தச் சொல்மீது எனக்குத் தனிப் பாசம் உண்டு. அதற்கு முன்னால் பி.ஏ. ஆங்கிலம் படித்தேன். பாடத்தில் ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி இருந்தது. இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சியில், பந்தயத்தில் தோற்றவனிடம் ஒருவன் தன் பணத்தைக் கேட்கிறான். 'ரொக்கமாகவே தந்துவிடுகிறேன்' என்று பதில் வருகிறது. அந்த இடத்தில் ஷேக்ஸ்பியர் போட்டிருக்கும் சொல் 'கேஷ்'. நாடகம் எழுதப்பட்டது 1599 வாக்கில்.

இப்போது தேதிகளைப் பக்கத்தில் வையுங்கள். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் ராணி பட்டயம் கொடுத்தது 1600 டிசம்பர் 31. கம்பெனிக்காரர்கள் மசூலிப்பட்டினத்தில் இறங்கியது 1611. சென்னையில் இடம் வாங்கியது 1639. நம் தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராத்தியரிடம் வாங்கியது 1690. அவர்கள் இங்கே வந்து கற்றுக்கொண்ட சொல் என்றால், வருவதற்கு முன்பே லண்டன் நாடக மேடையில் எப்படிப் பேசப்பட்டிருக்கும்?

தேதி மட்டும் போதாது என்றும் ஒத்துக்கொள்கிறேன். போர்ச்சுகீசியர் நூறு வருடம் முன்னாலேயே வந்துவிட்டார்கள், அவர்கள் வழியாகப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் பெட்டி என்ற பொருளுக்கு என்ன பதில்? காசு என்ற தமிழ்ச் சொல்லுக்கு எந்தக் காலத்திலும் பெட்டி என்று பொருள் இருந்ததில்லை. கேஷ் என்ற ஆங்கிலச் சொல் பெட்டியாகத்தான் பிறந்திருக்கிறது.

காசாளர் பற்றி ஒரு வார்த்தை. அது அலுவலகத் தமிழுக்காகக் காசு, ஆளர் இரண்டையும் சேர்த்து ஆக்கிய சொல். காசோலையும் அப்படித்தான். அழகான சொற்கள், நான் கையெழுத்துக்குக் கீழே 'காசாளர்' என்றுதான் முத்திரை வைத்தேன். கேஷியருக்குத் தமிழாக வந்த சொல்லையே கேஷியருக்குத் தாயாக்க முடியாது.

புலியூர் வாத்தியார் (திருப்பாதிரிப்புலியூர்)

தமிழ்க்குடி தம்பிக்கு. உங்கள் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது. முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்தவன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு சொல் ஒரே மாதிரி ஒலிப்பது சாட்சி ஆகாது, அது விசாரிக்கத் தூண்டுகிற காரணம் மட்டுமே. சொல் எந்த வழியாகப் போனது, எந்த ஆண்டில் எங்கே எழுதப்பட்டது, வழியில் பொருள் எப்படி மாறியது என்பதையெல்லாம் காட்ட வேண்டும். 'காப்ஸா'வுக்கு லத்தீனிலேயே வேர் இருக்கிறது. 'பிடி, கொள்' என்று பொருள்படும் 'காப்பெரே'. சொந்த வீட்டிலேயே தாய் தகப்பன் இருக்கிற பிள்ளைக்கு நாம் உறவு தேட வேண்டியதில்லை.

கட்டுமரத்துக்கு இப்படி யாரும் வழக்காட வேண்டியிருக்கிறதா? பொருள் ஒன்று, செய்யும் முறை ஒன்று, பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கு உரியது இப்படி உறுதியாக இருக்கும்போது, உறுதியில்லாததை அதன் பக்கத்தில் வைத்தால் உறுதியானதையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். பிள்ளையின் பேச்சில் அது நடக்க வேண்டாம் என்பதுதான் என் கவலை.

பறங்கிப்பேட்டையான் (இப்போது துபாய்)

எல்லோரும் சேர்ந்து காசைக் கடலில் போட்டுவிடாதீர்கள். பாதிக் கதைதான் முடிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'கேஷ்' ஒரு சொல் இல்லை. இரண்டு சொல். பெரிய அகராதி எதை எடுத்தாலும் தனித்தனித் தலைப்பாகவே இருக்கும். முதல் 'கேஷ்' மேடம் சொன்ன பெட்டி. இரண்டாவது 'கேஷ்' ஒரு நாணயத்தின் பெயர், கிழக்கு நாடுகளில் புழங்கிய மதிப்புக் குறைந்த சின்னச் செப்புக்காசு. அது நம் காசுதான்!

வழி இதுதான். போர்ச்சுகீசியர் இங்கே வந்து காசு என்ற சொல்லைக் கேட்டார்கள். அவர்கள் நாக்கில் அது 'கைஷா' என்று ஆனது. அவர்கள் மொழியில் பெட்டிக்கும் 'கைஷா' என்றுதான் பெயர், அதுவும் அந்த லத்தீன் பெட்டியின் பிள்ளை. ஆக லிஸ்பன்காரன் வாயில் பெட்டியும் காசும் ஒரே ஒலியாகிவிட்டன. ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து நாணயத்தின் பெயரை வாங்கி 'கேஷ்' என்று எழுதினார்கள். ஏற்கெனவே பெட்டி வழியாக வந்த 'கேஷ்' அவர்களிடம் இருந்தது. தமிழிலும் லத்தீனிலும் பிறந்து ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், வேறு வேறு கப்பலில் வந்து, லண்டனில் ஒரே பெயரோடு இறங்கியது மாதிரி.

இன்னொன்று. சீனாவில் நடுவே சதுர ஓட்டை போட்ட செப்புக் காசு இருக்குமே, கயிற்றில் கோத்து வைப்பார்கள். சீனர்கள் அதை 'வென்' என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'கேஷ்'. இன்றைக்கும் நாணயம் சேர்ப்பவர்கள் 'சைனீஸ் கேஷ்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த 'கேஷ்' நம் காசு. சீனத்து நாணயம் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயர்! இதை முதலில் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். 1886-ல் யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே இந்தச் செய்தி இருக்கிறது.

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம்)

பறங்கிப்பேட்டை அண்ணே, இதை மகளிடம் படித்துக் காட்டினேன். சீனக் காசு கதையை இரண்டாவது முறை படிக்கச் சொன்னாள். அப்போது 'நம் காசு ஆங்கிலத்தில் இருக்கிறது' என்று சொல்லலாம், 'இன்று பேசுகிற கேஷ் அதுதான்' என்று சொல்லக் கூடாது. இப்படிப் புரிந்துகொள்வது சரியா?

பறங்கிப்பேட்டையான் (இப்போது துபாய்)

மிகச் சரி.

சாரத்துக்காரன் (புதுச்சேரி)

எனக்குச் சாரத்தில் சின்ன மளிகைக் கடை. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய காசு தேடுவது பழக்கம். என்னிடம் ஒரு செப்புக்காசு இருக்கிறது. ஒரு பக்கம் பிரெஞ்சு ராஜாவின் லில்லிப்பூ. மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி'. வேறு ஒன்றும் இல்லை. பிரெஞ்சுக்காரன் அடித்த நாணயத்தில் பிரெஞ்சு எழுத்தே கிடையாது, நம் எழுத்து மட்டும். காரைக்காலுக்கு அடித்ததில் 'காரைக்கால்' என்று இருக்கும். கையில் வைத்தால் எடையே தெரியாது. ஆனால் நான் கடையைச் சாத்திய பிறகு அடிக்கடி எடுத்துப் பார்ப்பது இதைத்தான்.

இந்த நாணயங்களுக்கு பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர்களைப் பாருங்கள். பெரியது 'ஃபனோன்', அது நம் பணம். எட்டு ஃபனோன் ஒரு ரூபாய். செப்பில் 'தூதூ', அது நம் துட்டு. அதற்கும் கீழே 'காஷ்', அது நம் காசு. ஆக முத்தியால்பேட்டை மேடம் சொன்ன பிரெஞ்சுக்காரர்களே நம் காசையும் எடுத்துக்கொண்டார்கள். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு குமாஸ்தா 'கெஸ்' என்ற பெட்டியைத் திறந்து 'காஷ்' எண்ணியிருப்பான். இரண்டையும் அவன் குழப்பிக்கொள்ளவில்லை.

கடைக்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். பெட்டியின் பெயர் பணத்துக்கு வருவது நமக்கும் புதிதில்லை. கல்லா என்றால் பெட்டி. "இன்னிக்குக் கல்லா எவ்வளவு?" என்று என் மனைவி கேட்டால் பெட்டியின் விலையையா கேட்கிறாள்? பொங்கல் சமயத்தில் 'நல்லா கல்லா கட்டினோம்' என்போம். ஆங்கிலத்தில் 'கேஷ்' நடந்த அதே பாதையில் நம் கல்லா பாதி தூரம் நடந்துவிட்டது.

பிரெஞ்சு வகுப்பு (முத்தியால்பேட்டை)

கல்லா! இத்தனை வருடம் இந்த எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவே இல்லை. 'கெஸ்' எப்படிப் பணம் ஆனது என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். இனிமேல் கல்லாவிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். நன்றி அண்ணா.

உப்பனாறு (கடலூர் முதுநகர்)

துட்டு பற்றிச் சாரத்துக்காரர் சொன்னதில் ஒரு சின்னச் சேர்க்கை. டச்சுக்காரர்களிடம் 'டாயிட்' என்று ஒரு செப்புக்காசு இருந்தது. துட்டு அதிலிருந்து வந்தது என்பார்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் 'துட்டு' 'டுட்டு' என்று வேரோடு இருக்கிறது என்று மறுப்பவர்களும் உண்டு. டச்சுக்காரர்கள் நம் தேவனாம்பட்டினத்திலும் பறங்கிப்பேட்டையிலும் கடை விரித்தவர்கள்தான். பேச்சில் துட்டைச் சேர்க்க வேண்டாம், அது தனி வழக்கு.

வங்கியில் நாங்கள் சொன்னது 'ரொக்கம்'. கைரொக்கம், ரொக்க இருப்பு, ரொக்கமாகக் கொடு. 'கேஷ்' என்பதற்கு நேர்த் தமிழ் அதுதான். காசு என்றால் அப்போதெல்லாம் சில்லறை நாணயம். இன்று "காசு இருக்கா?" என்றால் எல்லாப் பணமும் அடங்கிவிடுகிறது. பொருள் விரிந்துகொண்டே போகிறது.

புலியூர் வாத்தியார் (திருப்பாதிரிப்புலியூர்)

காசு என்ற சொல் நம்மிடம் எவ்வளவு பழையது என்பதைப் பிள்ளை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்துக்குப் போனதைவிட அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

குறுந்தொகை 67-ஆம் பாட்டு, பாடியவர் அள்ளூர் நன்முல்லையார். பொருள் தேடிப் போன தலைவன் நம்மை நினைப்பானா என்று தலைவி தோழியிடம் கேட்கிறாள். அவன் போன காட்டில் ஒரு கிளி வேப்பம்பழத்தை வளைந்த அலகில் கவ்வியிருக்கிறது. மஞ்சளாக, உருண்டையாக ஒரு பழம். புது நூலில் பொன் காசைக் கோக்கும் பொற்கொல்லன் அதைக் கூர்மையான நகத்தில் பிடித்திருப்பதுபோல் அது இருக்கிறதாம். 'பொலங்கல ஒருகாசு' என்பது பாட்டின் வரி. வேப்ப மரத்தடியில் நின்று ஒரு பழுத்த பழத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பாட்டைப் படியுங்கள். நிறம், அளவு, அந்தப் பிடி, மூன்றும் பொருந்தும். அங்கே காசு கடைவீதிச் சில்லறை இல்லை, மாலையில் கோக்கிற பொன் வில்லை. இன்றும் காசுமாலை என்கிறோமே, அந்தக் காசு.

அடுத்து தேவாரம். பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் தினம் ஒரு பொற்காசு கொடுத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அப்பர் காசைக் கடைக்காரர்கள் உடனே வாங்கிக்கொண்டார்கள். சம்பந்தர் காசுக்கு வட்டம் பிடித்தார்கள். உடனே சம்பந்தர், 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடினார். வாசி என்றால் தரம் குறைந்த நாணயத்துக்குக் கழித்துக்கொள்ளும் தள்ளுபடி. ஏழாம் நூற்றாண்டிலேயே கடைக்காரர் காசை உரசிப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்! அந்த அப்பர் கல்லோடு கரையேறியது நம் புலியூரில் என்பதால் எனக்கு இந்தக் கதை இன்னும் நெருக்கம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. நூற்றுக்குப் பன்னிரண்டரை. பிறகு வெண்பா. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்று முடிய வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு குறளைச் சொல்லி அதன் கடைசிச் சீர் காசா பிறப்பா என்று கேளுங்கள். இலக்கணத்தின் வாய்பாட்டிலேயே காசு உட்கார்ந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. காசு என்பதை வடமொழிக் 'கர்ஷம்' என்ற எடைப் பெயரோடு சேர்க்கும் அறிஞர்களும் உண்டு, திராவிடச் சொல்லே என்பவர்களும் உண்டு. பிள்ளையிடம் அந்தச் சண்டையைக் கொடுக்க வேண்டாம். ஆங்கிலத்துக்குப் போன வழி நம் கரையிலிருந்துதான், அது போதும்.

தமிழ்க்குடி (நெல்லிக்குப்பம்)

ஐயா, கர்ஷம் விஷயத்தை நான் ஏற்கவில்லை. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு நான்கிலும் காசு இருக்கிறது. அதற்குத் தனியாக இன்னொரு நாள் வருகிறேன்.

ஆனால் உப்பனாறு அண்ணன் வைத்த தேதிகளுக்கு என்னிடம் பதில் இல்லை. நேற்று இரவு பெரிய அகராதியை நானே திறந்து பார்த்தேன். இரண்டு தலைப்பு இருக்கிறது. இரண்டாவதில் 'தமிழ் காசு' என்று போட்டிருக்கிறது. அதைப் படித்தபோது, வாட்ஸ்அப் செய்தியைப் படித்தபோது வந்ததைவிட அதிக சந்தோஷம் வந்தது. முதல் பதிலில் 'மாற்றாதீர்கள்' என்று எழுதியிருந்தேன். மாற்றுங்கள்.

முந்திரித்தோப்பு (பண்ருட்டி)

எல்லோரும் எழுதுவதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறேன். எங்கள் பக்கம் முந்திரிக்கு 'கேஷ்யூ' என்று பெயர் வந்ததே அது காசு தரும் பயிர் என்பதால்தான் என்று சின்ன வயதிலிருந்து சொல்லக் கேட்டிருக்கிறேன். கேஷ் கிராப், அதனால் கேஷ்யூ. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை முந்திரியில்தான் சாப்பிடுகிறோம். இதுவும் தப்பா?

பறங்கிப்பேட்டையான் (இப்போது துபாய்)

தப்புதான் அண்ணே. ஆனால் உண்மைக் கதையும் நன்றாக இருக்கும். முந்திரி மரம் பிரேசிலிலிருந்து வந்தது. அங்கே இருக்கும் துப்பி மக்கள் அதை 'அகாஜு' என்றார்கள். போர்ச்சுகீசியர் 'காஜு' ஆக்கி, 16-ஆம் நூற்றாண்டில் மரத்தையும் பெயரையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தியில் இன்றும் காஜு. ஆங்கிலேயர் 'கேஷ்யூ' ஆக்கிக்கொண்டார்கள். காசை 'கைஷா' ஆக்கி மேற்கே கொண்டுபோனவர்களும், முந்திரியை உங்கள் செம்மண் வரை வரச் செய்தவர்களும் அதே போர்ச்சுகீசியர்தான்.

பிரெஞ்சு வகுப்பு (முத்தியால்பேட்டை)

இதோடு இன்னும் இரண்டு ஒதுக்கிவிடுங்கள். காஷ்மீர் சால்வையின் 'கேஷ்மியர்' ஊர்ப் பெயர். வேலையிலிருந்து நீக்குவதற்கு ஆங்கிலத்தில் 'கேஷியர்' என்று ஒரு வினைச்சொல் உண்டு, அது ரத்து செய்வதைக் குறிக்கும் வேறு பிரெஞ்சுச் சொல். பணம் எண்ணும் கேஷியருக்கும் அதற்கும் உறவில்லை.

சாரத்துக்காரன் (புதுச்சேரி)

கடலூர்க்காரர்களுக்குக் கொடுக்க ஒரு செய்தி வைத்திருந்தேன், மறந்தே போனேன். கம்பெனிக்காரர்கள் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்று வைத்திருந்தார்கள். பெருக்கினால் ஒரு வராகனுக்கு 3360 காசு. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தக் காசுப் பத்தியின் தலைப்பு 'கேஷ்'. கையிருப்புப் பணத்தை எழுதும் கணக்குக்கும் பெயர் 'கேஷ்'. இரண்டு சொல்லும் ஒரே மேசையில், ஒரே மையில்.

நாணயமாகவும் அடித்தார்கள். 1808-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் அருகே சோஹோ ஆலையில் நீராவி எந்திரத்தில் அடித்த செப்பு நாணயத்தில் ரோமன் எண்ணில் இருபது போட்டு, பக்கத்தில் 'கேஷ்' என்றே பொறித்திருக்கும். அதாவது இருபது காசு. அதே பக்கத்தில் பாரசீகத்தில் 'இருபது காஸ், நான்கு ஃபலூஸ்' என்று எழுதியிருக்கும். ஒரே நாணயத்தில் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் நம் சொல். இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோரம், குட்வின் மணல்திட்டில் மூழ்கிவிட்டது. 1980களில் முக்குளித்து எடுத்தபோது லட்சக்கணக்கில் காசு கிடைத்தது. சென்னைக்கு வர வேண்டியது 170 வருடத்துக்கு மேல் அந்தக் கடலடியில் கிடந்திருக்கிறது.

பறங்கிப்பேட்டையான் (இப்போது துபாய்)

ஃபலூஸ்! இங்கே நாள் முழுக்க என் காதில் விழுகிற சொல். சம்பள நாளில் எல்லோரும் கேட்பது 'ஃபுலூஸ்' வந்ததா என்றுதான். அது ஒரே நாணயத்தில் காசோடு சேர்ந்து நின்றிருக்கிறதா? இருபது வருடமாக நான் ஃபுலூஸ் சம்பாதித்து ஊருக்குக் காசாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அந்த நாணயத்தின் இரண்டு பக்கப் படமும் கிடைத்தால் அனுப்புங்கள், ரூம் சுவரில் ஒட்டி வைப்பேன்.

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம்)

நேற்று இரவு முழுவதும் மகள் திருத்தி எழுதினாள். காசுப் பகுதியை அவள் எழுதியபடியே போடுகிறேன்:

"காசுதான் கேஷ் ஆனது என்று நானும் நம்பினேன். ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் இருக்கின்றன. கடையில் நாம் சொல்லும் கேஷ், லத்தீன் பெட்டியில் பிறந்தது. நம் கல்லாப்பெட்டிபோல. இன்னொரு கேஷ் நம் காசு. போர்ச்சுகீசியர் வழியாகப் போய், சீன நாட்டு நாணயத்துக்கும் பெயரானது. அள்ளூர் நன்முல்லையார் அந்தக் காசைக் கிளியின் அலகில் இருக்கும் வேப்பம்பழத்தில் பார்த்தார். எங்கள் வீட்டு வாசல் வேம்பில் அந்தப் பழத்தை நான் பார்த்தேன்."

வேப்பம்பழ வரி அவளாகச் சேர்த்தது. ஐந்து நிமிடத்துக்குள் அடங்க முல்லிகடானியை எடுத்துவிட்டாள், கட்டுமரமும் சுருட்டும் இருக்கின்றன. சாரத்து அண்ணே, 'புதுச்சேரி' என்று தமிழில் பொறித்த அந்தக் காசின் படம் ஒன்று அனுப்ப முடியுமா? அட்டையில் பெரிதாக ஒட்டிக் காட்ட ஆசைப்படுகிறாள்.

சாரத்துக்காரன் (புதுச்சேரி)

படம் எதற்கு, காசையே கொண்டுவருகிறேன். புதன்கிழமை சரக்கு எடுக்க முதுநகர் வருவேன். காலை பத்து மணிக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் இங்கேயே எழுதுகிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை மேடையில் கையில் வைத்துக் காட்டட்டும். பேசி முடித்த பிறகு சாவகாசமாகத் திருப்பிக் கொடுக்கலாம், அவசரமில்லை. ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு வைத்துத் தருகிறேன். ஈரத் துணியால் மட்டும் துடைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், செம்பு கறுத்துவிடும்.